ரிவ்யூவை எடைபோடும் கருவியை எதை வைத்து எடைபோடுவது?

ஃபேக்ஸ்பாட் 2025 ஜூலை 1ஆம் தேதி மூடப்பட்டது. அமேசான் போன்ற தளங்களில் ஒரு பொருளின் பக்கத்தைத் திறந்தால், அதற்கு வந்திருக்கும் ரிவ்யூக்களை எவ்வளவு நம்பலாம் என்று ‘ஏ’ முதல் ‘எஃப்’ வரை கிரேடு போட்டுக் காட்டிய சேவை அது. 2016இல் அமெரிக்காவில் தொடங்கியது. ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரை உருவாக்கும் மொசில்லா 2023 மே மாதம் அதை வாங்கி, ‘ரிவ்யூ செக்கர்’ என்ற பெயரில் பிரவுசருக்குள்ளேயே வைத்தது. இரண்டு வருடம் ஆனதும், தொடர்ந்து நடத்திக் கட்டுப்படியாகும் வழி அமையவில்லை என்று சொல்லி நிறுத்திவிட்டது.

அது இருந்த காலம் முழுக்க ஒரு கேள்விக்கு மட்டும் பதில் கிடைக்கவே இல்லை. அது போட்ட கிரேடு சரிதானா? ‘எஃப்’ வாங்கிய மிக்ஸியின் ரிவ்யூக்கள் நிஜமாகவே காசு கொடுத்து எழுத வைத்தவையா, இல்லை அந்த மிக்ஸியை எல்லோருக்கும் உண்மையிலேயே பிடித்துப்போய்விட்டதா? ஃபேக்ஸ்பாட்டுக்கும் உறுதியாகத் தெரியாது, நமக்கும் தெரியாது. ரிவ்யூக்களைப் புரிந்துகொள்ள உதவும் எந்த மென்பொருளை மதிப்பிடப் போனாலும் முதலில் இடறுவது இங்கேதான். விடைத்தாள் கையில் இல்லாமல் பரீட்சைத் தாள் திருத்துவது போன்ற வேலை இது.

ஒரு ரிவ்யூ பொய் என்பது எழுதியவருக்குத் தெரியும், எழுதச் சொன்னவருக்குத் தெரியும். மூன்றாவது ஆள் எவருக்கும் தெரியாது. அதனால் இந்தத் துறையில் ஆராய்ச்சி செய்தவர்கள் விடைத்தாளைத் தயாரிக்கவே நிறைய பாடுபட்டிருக்கிறார்கள். 2008இல் நிதின் ஜிந்தால், பிங் லியூ இருவரும் அமேசானின் 58 லட்சம் ரிவ்யூக்களை எடுத்துக்கொண்டு, ஒரே வாசகம் அப்படியே பல பொருட்களுக்கோ பல பெயர்களிலோ வந்திருந்தால் அது பொய் என்று வைத்துக்கொண்டார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அதில் மாட்டுகிறவன் சோம்பேறிப் பொய்யன் மட்டுமே.

2011இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு வேறு வழியில் போனது. சிகாகோவின் 20 ஹோட்டல்களை எடுத்துக்கொண்டார்கள். அந்த ஹோட்டல்களுக்கு டிரிப்அட்வைசரில் வந்திருந்த ரிவ்யூக்களிலிருந்து 400. அப்புறம், ஆன்லைனில் சில்லறை வேலை செய்பவர்களிடம் ஆளுக்கு ஒரு டாலர் கொடுத்து, போகாத ஹோட்டலைப் புகழ்ந்து எழுதச் சொல்லி வாங்கிய பொய் ரிவ்யூ 400. இரண்டையும் கலந்து மனிதர்களிடம் கொடுத்தால், நாணயத்தைச் சுண்டிப் பார்த்துச் சொன்னதைவிடப் பெரிதாகத் தேறவில்லை. கணினி நிரலோ கிட்டத்தட்ட 90 சதவீதம் சரியாகப் பிரித்தது. காரணமும் சுவாரசியமானது. உண்மையில் தங்கியவர்கள் அறை, குளியலறை, ஹோட்டல் இருக்கும் இடம் என்று கண்ணால் பார்த்ததைச் சொன்னார்கள். தங்காதவர்கள் யாருடன் வந்தோம், எதற்காக வந்தோம், கணவருக்கு எவ்வளவு பிடித்தது என்று ஹோட்டலைச் சுற்றியே பேசினார்கள். பார்க்காத குளியலறையை எப்படி விவரிப்பது?

இந்த 90 சதவீதத்தைப் பார்த்துவிட்டு, பொய்யைக் கண்டுபிடிக்கும் வித்தை கைவந்துவிட்டது என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். அந்தப் பொய்கள் ஒரு டாலருக்கு எழுதப்பட்டவை, ஒரே ஊர் ஹோட்டல்களைப் பற்றியவை. இன்று ஏஐயிடம் சொன்னால் குளியலறைக் குழாயில் வெந்நீர் வரத் தாமதமானது வரைக்கும் எழுதித் தந்துவிடும். நடையை வைத்து ஆளைப் பிடிக்கும் கருவிகளின் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

சரி, 90 சதவீதம் துல்லியம் என்றே வைத்துக்கொள்வோம். கருவி விற்பவர்கள் சொல்லாமல் விடும் ஒரு கணக்கு இருக்கிறது. ஆயிரம் ரிவ்யூவில் நூறு பொய், தொள்ளாயிரம் உண்மை. கருவி நூறு பொய்யில் தொண்ணூறைப் பிடித்துவிடும், நல்லது. தொள்ளாயிரம் உண்மையிலும் பத்தில் ஒன்றைத் தவறாகப் பொய் என்று சொல்லும், அதுவும் தொண்ணூறு. ஆக, அது சிவப்புக்கொடி காட்டும் 180இல் பாதி, பாவம், யோக்கியர்கள் எழுதியது. பொய்யின் பங்கு நூற்றுக்கு ஐந்தாகக் குறைந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். கொடி காட்டிய மூன்று ரிவ்யூவில் ஒன்றுதான் பொய்யாக இருக்கும். ஆகவே துல்லியம் எவ்வளவு என்று கேட்பதில் பயன் குறைவு. கொடி காட்டியதில் எத்தனை சரி, காட்டாமல் விட்டதில் எத்தனை தவறு என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். இதைப் பிரித்துச் சொல்லாத கருவியை நான் சீரியஸாக எடுத்துக்கொள்வதில்லை.

விடைத்தாளுக்கு மிக அருகில் போனவர்கள் என்று நான் நினைப்பது ஷெரி ஹே, பிரெட் ஹாலன்பெக், டாவிடே ப்ரோசெர்பியோ ஆகிய ஆய்வாளர்களை. ரிவ்யூவைப் படித்துச் சந்தேகப்படுவதை விட்டுவிட்டு, பொய் விற்கும் சந்தைக்கே போய் உட்கார்ந்தார்கள். விற்பனையாளர்கள் ஃபேஸ்புக் குழுக்களில் ஆள் பிடிப்பதைக் கவனித்து, அப்படிச் சிக்கிய சுமார் 1,500 அமேசான் பொருட்களைப் பின்தொடர்ந்தார்கள். நடைமுறை இதுதான்: நீங்கள் உங்கள் காசிலேயே பொருளை வாங்குங்கள், ஐந்து ஸ்டார் போடுங்கள், பணம் பிறகு வேறு வழியில் உங்களுக்குத் திரும்ப வரும். வாங்கியது நிஜம், பார்சல் வந்தது நிஜம், ‘வெரிஃபைடு பர்ச்சேஸ்’ முத்திரையும் நிஜம். கருத்து மட்டும்தான் விலைக்கு வாங்கியது. முத்திரை இருந்தால் நம்பலாம் என்ற விதியை வைத்து இயங்கும் எந்தக் கருவியும் இங்கே குப்புற விழும்.

2022இல் வெளியான அவர்களுடைய ஆய்வுகளில் இரண்டு விஷயங்கள் நம் கேள்விக்கு நேரடியாக உதவுகின்றன. ஒன்று, பொய் ரிவ்யூ வாங்கிய பொருளின் ஸ்டாரும் விற்பனையும் ஏறின, ஆனால் விற்பனையாளர் பொய் ரிவ்யூ வாங்குவதை நிறுத்தியதும் ஸ்டார் சரிந்து, ஒற்றை ஸ்டார்கள் பெருகின. ஏமாந்து வாங்கியவர்கள் வந்து எழுதுகிறார்கள். இன்னொன்று, இப்படிப்பட்ட பொருட்களைக் காட்டிக்கொடுப்பதில் வாசகத்தைவிட உறவுகள் பலமானவை: ஒரே ஆட்கள் திரும்பத் திரும்ப அதே கூட்டத்துப் பொருட்களுக்கே ரிவ்யூ எழுதியிருப்பார்கள். சம்பந்தமே இல்லாத ஃபோன் கவரும் முடி எண்ணெயும் ஒரே முப்பது பேரைப் பகிர்ந்துகொண்டால் அங்கே ஏதோ நடக்கிறது. எனவே ஒரு கருவியைப் பார்த்தவுடன் கேட்கலாம்: இது ரிவ்யூவைத் தனித்தனியாகப் படிக்கிறதா, எழுதியவர்களின் கூட்டத்தையும் பார்க்கிறதா?

இதில் இன்னொரு தரப்பும் உண்டு. 2021 ஜூலையில் அமேசான் புகார் கொடுத்து, ஆப்பிளின் ஆப் ஸ்டோரிலிருந்து ஃபேக்ஸ்பாட் செயலியை நீக்க வைத்தது. வெளியாட்கள் தரும் கிரேடு தவறாக வழிநடத்துகிறது என்பது அமேசானின் வாதம். எந்தக் கணக்கு எங்கிருந்து இயங்குகிறது, யார் எதை வாங்கினார்கள் என்ற தகவலெல்லாம் தளத்திடம்தான் இருக்கிறது, வெளியாள் பக்கத்தில் தெரிவதை மட்டும் வைத்துக் குத்துமதிப்பாகச் சொல்கிறான். அதில் நியாயம் இருக்கிறது. 2023இல் மட்டும் சந்தேகத்துக்குரிய 25 கோடிக்கும் மேற்பட்ட ரிவ்யூக்களைத் தடுத்ததாக அமேசான் சொல்கிறது. அதே வருடத்தில் 17 கோடி ரிவ்யூக்களைத் தடுத்தும் நீக்கியும் இருப்பதாக கூகுள் மேப்ஸ் கணக்கு. ஆனால் இந்த எண்களைச் சரிபார்க்கவும் வெளியில் யாரிடமும் எதுவும் இல்லை. பொருள் விற்றால் லாபம் அடையும் தளம், தன் பொருட்களின் ரிவ்யூ சுத்தம் என்று தானே சான்றிதழ் தருகிறது. தகவல் உள்ளவனுக்கு ஆதாயம் இருக்கிறது, ஆதாயம் இல்லாதவனிடம் தகவல் இல்லை.

பொய்யைப் பற்றியே இவ்வளவு நேரம் பேசியாகிவிட்டது. ஆனால் ரிவ்யூ எல்லாமே உண்மையாக இருந்தாலும் ஏமாற வழி உண்டு. இதைக் கிரேடு போடும் கருவிகள் தொடுவதே இல்லை.

பத்து பேர் எழுதி பத்து பேருக்கும் பிடித்த ஒரு குக்கர். நூறு பேர் எழுதி தொண்ணூறு பேருக்குப் பிடித்த இன்னொரு குக்கர். சராசரியைப் பார்த்தால் முதல் குக்கர் நூற்றுக்கு நூறு, பட்டியலில் மேலே நிற்கும். எட்வின் வில்சன் என்ற கணித அறிஞர் 1927இல் தந்த ஒரு சூத்திரம், கையில் இருக்கும் கொஞ்சம் வாக்கை வைத்து உண்மையான விகிதம் குறைந்தபட்சம் எவ்வளவு இருக்கும் என்று கணிக்கும். வழக்கமான 95 சதவீத அளவுகோலில் போட்டால் முதல் குக்கருக்கு 72 சதவீதம், இரண்டாவதுக்கு 83 சதவீதம். வரிசை தலைகீழாகிறது. ரெடிட் தளம் கருத்துகளை வரிசைப்படுத்த இந்த முறையை 2009இலேயே எடுத்துக்கொண்டது. ஒரு கருவி ‘சிறந்தவை’ என்று பட்டியல் போட்டால், நான்கு ரிவ்யூ மட்டுமே வந்த பொருள் உச்சியில் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தக் கருவி கூட்டல் வகுத்தலோடு நின்றுவிட்டது என்று அர்த்தம்.

இன்னொரு தந்திரம் இதைவிட நுட்பமானது. நன்றாக விற்கும் பழைய பொருளின் பக்கத்தில் புதுப் பொருளை ‘இதுவும் ஒரு வகை’ என்று சேர்த்துவிடுவார்கள். பழையதின் ஆயிரக்கணக்கான ரிவ்யூக்கள் புதியதன் கணக்கில் வந்துவிடும். சத்து மாத்திரைகள் விற்கும் பவுண்டிஃபுல் நிறுவனத்தின் மேல் அமெரிக்காவின் வணிகக் கண்காணிப்பு அமைப்பான எஃப்டிசி 2023இல் இதற்காக நடவடிக்கை எடுத்து 6 லட்சம் டாலர் கட்ட வைத்தது. அந்த ரிவ்யூக்கள் ஒவ்வொன்றும் நிஜ மனிதர்கள் மனதார எழுதியவை! பொய் பிடிக்கும் கருவி எல்லாவற்றுக்கும் பாஸ் போடும். இதைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் ரிவ்யூ எதைப் பற்றிப் பேசுகிறது என்று கருவிக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அங்கேதான் இரண்டாவது வகைக் கருவி வருகிறது: பொய்யா மெய்யா என்று பார்க்காமல், என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று சுருக்கித் தருவது. இது புதிதல்ல. 2004இலேயே மின்சிங் ஹூவும் அதே பிங் லியூவும், ஒரு கேமராவின் ரிவ்யூக்களைப் படித்து, படத்தின் தரம், பேட்டரி, எடை என்று அம்சம் அம்சமாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் எத்தனை வாக்கியங்கள் புகழ்கின்றன, எத்தனை குறை சொல்கின்றன என்று எண்ணித் தரும் முறையைச் செய்து காட்டினார்கள். எண்ணுக்குக் கீழே அந்த வாக்கியங்களும் இருக்கும். 2023 ஆகஸ்டில் அமேசான் அமெரிக்காவில் அறிமுகம் செய்த ஏஐ சுருக்கம் அதன் நவீன வாரிசு. ‘வாடிக்கையாளர்கள் சொல்வது’ என்று ஒரு பத்தி, கீழே அம்சங்களின் பெயர் தாங்கிய பொத்தான்கள்.

படிக்கச் சுகமாக இருக்கிறது. என் சந்தேகமும் அந்தச் சுகத்தின் மேல்தான். ஒரு மிக்ஸிக்கு 900 ரிவ்யூ என்று வைத்துக்கொள்வோம். நானூறு பேர் சட்னி நைசாக அரைகிறது என்கிறார்கள், இருநூறு பேர் சத்தம் அதிகம் என்கிறார்கள், ஆறு பேர் ஜாரைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்கிறார்கள். பெரும்பான்மையைச் சொல்வதுதான் சுருக்கத்தின் தொழில். அது நானூறையும் இருநூறையும் சொல்லிவிட்டு ஆறை விட்டுவிடும். வீட்டில் மிக்ஸி போடப் போகிறவருக்கு அந்த ஆறுதான் செய்தி. ஆகவே ஒரு சுருக்கம் எவ்வளவு அழகாக இருக்கிறது என்பதைவிட, எதை விழுங்கியது என்று பார்ப்பதே அதை மதிப்பிடும் வழி.

அதை நாமே பார்க்கலாம், பெரிய ஆய்வகம் வேண்டாம். இருபது முப்பது ரிவ்யூ மட்டுமே உள்ள ஒரு பொருளை எடுத்து, எல்லாவற்றையும் முதலில் நீங்களே படியுங்கள். முக்கியமானது என்று தோன்றும் நான்கைந்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கருவியைத் திறங்கள். வரிசையை மாற்றக்கூடாது, கருவி சொன்னதை முன்னால் படித்துவிட்டால் நம் கண்ணும் அதையே தேடும். அதன் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஆதாரமான ரிவ்யூ உண்டா? ‘பலர்’ என்றால் பன்னிரண்டு பேரா, மூன்று பேரா? கூரியர்காரர் தாமதமாக வந்ததற்குப் போட்ட ஒற்றை ஸ்டாரைப் பொருளின் குறையாகச் சேர்த்துவிட்டதா? மூன்று வருடத்துக்கு முன் வந்த பழைய மாடலின் புகாரை இன்றைய பொருளின் தலையில் கட்டியதா? நீங்கள் குறித்துவைத்ததில் எத்தனை தப்பிப் பிழைத்தன? மறுநாள் அதே பக்கத்தை மறுபடி கேட்டால் அதே பதில் வருகிறதா என்பதையும் பார்த்துவிடுவது நல்லது.

வருடக்கணக்காக வீட்டில் உழைக்கும் ஒரு பொருளை வைத்துச் சோதிப்பதும் நல்ல வழி. அதன் குணமும் கோளாறும் உங்களுக்கு அத்துப்படி. கருவி அந்தக் கோளாறைத் தொட்டதா?

இப்படிப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு தீர்மானம் உண்டு. தீர்ப்பு சொல்லும் கருவியைவிட வழி காட்டும் கருவி மேல். ‘பி கிரேடு’ என்பதும், ‘வாடிக்கையாளர்கள் திருப்தி அடைந்துள்ளனர்’ என்பதும் தீர்ப்பு. ‘ஷாக் என்று சொன்னவர்கள் ஆறு பேர், கடைசி மூன்று மாதத்தில் நான்கு பேர், இதோ அவர்கள் எழுதியது’ என்பது வழி. தீர்ப்பு தவறாக இருந்தால் நமக்குத் தெரியாமலே போய்விடும். வழி தவறாக இருந்தால் இரண்டு ரிவ்யூ படிப்பதற்குள் தெரிந்துவிடும். ரிவ்யூமெட்டா என்ற இன்னொரு தளம், சந்தேகமானவற்றைக் கழித்துவிட்டு ஸ்டாரை மாற்றிக் கணக்கிட்டதோடு, எதனால் கழித்தேன் என்று ஒவ்வொரு சோதனையையும் விரித்துக் காட்டியது. அதன் கணக்கும் தவறலாம், ஆனால் எங்கே தவறுகிறது என்று நாமே பார்க்க முடிந்தது.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ், ஆன்லைன் ரிவ்யூக்களைத் திரட்டி, சரிபார்த்து, வெளியிடுவதற்கு ஐஎஸ் 19000 என்ற தரநிலையை 2022 நவம்பரில் கொண்டுவந்தது. அது கட்டாயமில்லை, விரும்பினால் பின்பற்றலாம் என்ற அளவில் வந்தது. அமெரிக்காவில் பொய் ரிவ்யூவை விற்பதையும் வாங்குவதையும் தடைசெய்யும் எஃப்டிசி விதி 2024 அக்டோபர் 21 முதல் அமலில் இருக்கிறது, பிரிட்டனில் அதுபோன்ற தடை 2025 ஏப்ரலில் வந்தது. இவை எழுத வைப்பவனைத் தண்டிக்கும். தளங்களிடம் இருக்கும் தகவலை வெளியாட்கள் சோதிக்கும்படி திறந்துவிடாது. கருவிகளுக்குத் தேவையானது அதுதான்.

காசு எங்கிருந்து வருகிறது என்பதும் மதிப்பீட்டில் சேர்த்தி. பிரவுசரோடு இணைத்துக்கொள்ளும் எக்ஸ்டென்ஷனாக வரும் கருவிகள், நீங்கள் திறக்கும் பக்கங்களைப் படிக்க அனுமதி கேட்கும். ரிவ்யூவைப் படிக்க அது தேவைதான், ஆனால் எல்லாத் தளங்களுக்கும் சேர்த்து ஏன் கேட்கிறது? ‘இதைவிட அதை வாங்கலாமே’ என்று வேறு பொருளுக்கு லிங்க் தந்தால், அதில் கமிஷன் உண்டா? மொசில்லாவுக்கே கட்டுப்படியாகவில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

கடைசியாக நம் வீட்டு விஷயம். தமிழ்நாட்டுக் கடைகளுக்கும் ஹோட்டல்களுக்கும் கூகுள் மேப்ஸில் வரும் ரிவ்யூக்களைப் பாருங்கள். தமிழ், ஆங்கிலம், ஆங்கில எழுத்தில் தமிழ், ஒரே வாக்கியத்தில் மூன்றும். ஆங்கிலத்தில் பழகிய கருவிக்கு இது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதை. இந்தக் கலப்பு மொழிக்குப் பயிற்சித் தரவு திரட்டும் வேலை நடந்திருக்கிறது. பாரதி ராஜா சக்ரவர்த்தியும் அவருடன் பணியாற்றியவர்களும் 2020இல் 15,744 யூடியூப் கருத்துகளைத் திரட்டி, பாராட்டு, குறை, இரண்டும் கலந்தது என்றெல்லாம் பிரித்து வெளியிட்டார்கள். பெரிய உழைப்பு. ஆனால் அவை சினிமா டிரெய்லர்களுக்குக் கீழே எழுதப்பட்டவை. ‘தெறி’, ‘மாஸ்’, ‘தலைவா’ என்று குவியும் இடத்தில் கற்ற மென்பொருளிடம் கிரைண்டர் பற்றிக் கேட்டால் எவ்வளவு தேறும்?

கருவி தமிழ் தெரிந்ததா என்று பார்க்க நான் வைத்திருக்கும் வாக்கியங்கள் சில. ‘சும்மா சொல்லக்கூடாது, மோட்டார் அப்படியே நிக்குது.’ ‘குறை சொல்ல ஒண்ணுமில்லை.’ இரண்டிலும் இல்லை, கூடாது என்ற எதிர்மறைதான் இருக்கிறது, இரண்டும் மனம் நிறைந்த பாராட்டு. முதல் வாக்கியத்தில் ‘நிக்குது’ என்பதை மோட்டார் ஓடாமல் நின்றுபோனதாக எடுத்துக்கொண்டால் கதை கந்தல். ‘குடுத்த காசுக்கு ஓகே’ என்பது மூன்று ஸ்டாருக்குமேல் போகாது, ‘ஓகே’ இருக்கிறதே என்று பாராட்டில் சேர்க்கக்கூடாது. ‘சுமார்’ என்பது ஹோட்டல் சாம்பாரைப் பற்றி வந்தால் குறை, ‘சுமார் 20 பேர் உட்காரலாம்’ என்று வந்தால் வெறும் அளவு. ‘சூப்பர் சர்வீஸ், ஃபோன் பண்ணி ஃபோன் பண்ணி என் விரல்தான் தேஞ்சுது’ என்பதை எங்கே வைக்கும்? நான்கு ஸ்டார் போட்டுவிட்டு, ‘எல்லாம் நல்லாதான் இருந்துச்சு, ஆனா மறுபடி போவேனான்னு தெரியல’ என்று எழுதுபவரை?

ஆங்கிலத்தில் அற்புதமாகச் சுருக்கும் கருவியிடமும் இவற்றைத் தமிழ் எழுத்தில் ஒரு தடவை, ஆங்கில எழுத்தில் ஒரு தடவை கொடுத்துப் பாருங்கள். இரண்டு தடவையும் ஒரே முடிவைச் சொல்கிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.